மோஸ்கியோனைத் தெய்வமாக்கிய வினைச்சொல்

தெர்மிஸ்ஸா நகரசபை, வெந்நீர்க்கூடத்தில் அடுப்பெரிக்கும் மோஸ்கியோனைத் தெய்வமாக்கத் தீர்மானித்ததற்குக் காரணம் பக்தி அல்ல, சிக்கனம்.

நிலநடுக்கம் வந்த அன்று சபையினர் எல்லோரும் பொதுக் குளியல்கூடத்தின் வெந்நீர் அறையில் இருந்தார்கள். குளிர்காலத்தில் சபை அங்கேதான் கூடும். மண்டபத்தில் கூடினால் குளிருக்குப் பயந்து விவாதம் சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால் அப்படி ஒரு ஏற்பாடு. சுவர் ஆடியதில் கதவு நிலையோடு இறுகிக்கொண்டது. உள்ளே நீராவி மூச்சை அடைக்க, பெரியவர்கள் கதவை முட்டிக் கூச்சலிட்டார்கள். கீழே அடுப்படியில் இருந்த மோஸ்கியோன் கையில் தூக்கியிருந்த ஓக் கட்டையோடு அப்படியே மேலே ஓடிவந்து, அந்தக் கட்டையாலேயே கதவை இடித்துத் திறந்தான். நகரத்தின் பெருந்தலைகள் அத்தனை பேரும் பிறந்த மேனியாகச் சந்தைவரை ஓடி, மீன்காரிகளின் நடுவே நின்று மூச்சு வாங்கினார்கள். உயிர்ச்சேதம் இல்லை.

காப்பாற்றியவனுக்கு ஏதாவது செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஓட்டத்தைப் பற்றி மட்டுமே ஊர் பேசிக்கொண்டிருக்கும். பொன்முடி சூட்டலாம் என்றார் ஒருவர். பொன் யார் தருவது என்றதும் அவர் உட்கார்ந்துவிட்டார். வெண்கலச் சிலை வைக்கலாம் என்றார் இன்னொருவர். சந்தைச் சதுக்கத்தில் சபையினரின் அப்பாக்களும் தாத்தாக்களும் ஏற்கெனவே வெண்கலமாகத் தோளோடு தோள் உரச நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு ஆட்டுக்குட்டி புகக்கூட இடமில்லை. ஆயுள் முழுக்க நகர விருந்தகத்தில் இலவசச் சாப்பாடு போடலாம் என்றபோது, அவன் சாப்பிடுவதைப் பார்த்திருந்த எல்லோரும் வேண்டாம் என்று கை தூக்கினார்கள்.

கடைசியில் மோஸ்கியோனையே கூப்பிட்டுக் கேட்டார்கள்.

அவன் கரி படிந்த கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான். "எனக்கு ஒண்ணும் வேணாங்கய்யா. அடுப்படிக்கு இன்னொரு ஆளு போட்டுக் குடுத்தாப் போதும். விடியறதுக்கு முன்ன இருந்து ராத்திரி வரைக்கும் நான் ஒருத்தனே கட்டை தூக்குறேன். முதுகு போச்சு."

சபைத் தலைவர் யூதிடிகோஸ் நல்ல மனிதர். தன்னுடைய நன்மையில் அவருக்கு மிகுந்த ஈடுபாடு உண்டு. அவர் எழுந்து, தோளில் மேலாடையைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"ஆளா? பாருப்பா மோஸ்கியோன், ஆளுன்னா வருஷா வருஷம் செலவு. அவனுக்குக் கூலி, சோறு, காய்ச்சல் வந்தா மருந்து. இந்த நகரம் உனக்கு அப்படி ஒரு அற்பமான நன்றியையா செலுத்தும்? நாங்க உன்னைத் தெய்வமாக்கப் போறோம். பக்கத்து பார்னஸ்ஸாவுல சொந்தமா ஒரு தெய்வம் இருக்கு. நமக்கு இல்லை. இது ரொம்ப நாள் குறை. தெய்வத்துக்கு ஒரு கல்லு, அந்தக் கல்லுல ஒரு வாக்கியம், அந்த வாக்கியத்துல ஒரு வினைச்சொல். செலவு அத்தோட முடிஞ்சது."

சபை கைதட்டியது. மோஸ்கியோன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அப்ப அந்த ஆளு?"

"தெய்வத்துக்கு எதுக்குப்பா ஆளு?" என்றார் தலைவர்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னான். மிர்ட்டோ உப்புமீன் விற்பவள். ஜாடியில் மீனை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை பேரைய்யா நீ காப்பாத்தினே?"

"சபை மொத்தமும்."

"கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கலாம்ல," என்றாள்.

வினைச்சொல்லை முடிவு செய்ய இலக்கண ஆசிரியர் ஃபானியாஸை வரவழைத்தார்கள். அவருக்கான சம்பளத்தைக் குளியல்கூடத்தின் விறகுக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து கொடுத்தார்கள். மோஸ்கியோன் பற்றிய விவாதம் என்பதால் அவனும் வரவேண்டும் என்றும், தெய்வம் ஆகாதவன் என்பதால் உட்காரக் கூடாது என்றும் தீர்மானமாயிற்று. அவன் தூணோரம் நின்றான்.

ஃபானியாஸ் மெலிந்த மனிதர். ஒரு சொல்லைச் சொல்வதற்கு முன் அதை வாயில் வைத்து ருசி பார்ப்பவர்.

"நம்ம மொழியில தெய்வம்னா தெயோஸ். அதோட ஒரு வாலை ஒட்டினா, தெயோ-ஓ. 'தெய்வமாக்குறேன்'னு அர்த்தம். அந்த வால்தான் முக்கியம். ஒரு பெயர்ச்சொல்லை எடுத்து அதுல இந்த வாலை ஒட்டினா, ஒருத்தனை அதுவா ஆக்குறேன்னு வரும். அடிமைங்கிற சொல்லுல ஒட்டினா, அடிமையாக்குறேன். குருடன்ல ஒட்டினா, குருடாக்குறேன்."

"எடுத்துக்காட்டு கொஞ்சம் நல்லதா இருக்கக் கூடாதா?" என்றார் தலைவர்.

"இருக்கே. பொன்னுல ஒட்டினா, பொன்னாக்குறேன்."

சபையில் ஒரு மலர்ச்சி பரவியது. ஆனால் அப்போலோ கோயில் பூசாரி மெனெக்ளெஸ் எழுந்தார். "நில்லுங்க. மரக்கட்டில் காலுக்குப் பொன் பூசினாலும் அந்தச் சொல்லைத்தான் சொல்றோம். மேல பொன்னு, உள்ள மரம். அப்ப மோஸ்கியோனை உள்ளயும் தெய்வமாக்குறோமா, மேல மட்டும் பூசுறோமா?"

அன்றைய பகல் முழுவதும் இதிலேயே போயிற்று. முழுத் தெய்வக் கட்சி, மேல்பூச்சுக் கட்சி என்று சபை இரண்டாகப் பிரிந்தது. மேல்பூச்சுக் கட்சிக்காரர் ஒருவர் மோஸ்கியோனின் அருகே வந்து தோளைச் சுரண்டிப் பார்த்து, கரி மட்டுமே வருகிறது என்று சபைக்கு அறிவித்தார்.

மெனெக்ளெஸ் அடுத்த சந்தேகத்தைக் கிளப்பினார். "ஆசிரியரே, அபராதம் விதிக்கிறது, சாட்டையால அடிக்கிறது, கழுவில ஏத்துறது, மரண தண்டனை குடுக்கிறது. இதுக்கெல்லாமும் இதே வால்தானே?"

"ஆமா," என்றார் ஃபானியாஸ் மகிழ்ச்சியோடு. "ஒருத்தனைக் கேக்காம அவனுக்கு ஒண்ணைப் பண்ணி வைக்கிறதுக்கு நம்ம மொழியில இதைவிட நல்ல வால் கிடையாது."

தூணோரம் நின்ற மோஸ்கியோன் தூணுக்குப் பின்னால் ஓரடி நகர்ந்தான்.

வால் நிறைவேறியது. அடுத்தது தலை. முன்னால் எதுவும் இல்லாத வினைச்சொல் மொட்டையாக இருக்கிறது, கல்லில் எடுப்பாகத் தெரியாது என்று தலைவர் கருதினார். 'அபொ' என்று முன்னால் சேர்க்கலாம் என்றார் ஃபானியாஸ். அபொ-தெயோ-ஓ. சொல்லும்போதே வாய் நிறைந்தது. சபையினர் பலர் தங்களுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

"அபொன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டார் தலைவர்.

"சில இடத்துல 'முழுசா முடிக்கிறது'. கொல்றதுக்கு முன்னால போட்டா, கொன்னு தீர்க்கிறது. சில இடத்துல 'திரும்ப'. குடுக்கிறதுக்கு முன்னால போட்டா, திருப்பிக் குடுக்கிறது. சில இடத்துல 'நீக்கு'. மூடுறதுக்கு முன்னால போட்டா, மூடியைத் திறக்கிறது."

"அப்ப இவனை முழுசாத் தெய்வமாக்குறோமா, திரும்பத் தெய்வமாக்குறோமா, இருக்கிற தெய்வத்தன்மையை நீக்குறோமா?"

"இந்தச் சொல்லுல பெரியவங்க 'முழுசா'ங்கிற பொருள்லதான் சொல்லியிருக்காங்க. மத்த ரெண்டும் பக்கத்துலயே நிக்குது. நாம கண்டுக்காம போயிடணும்."

கண்டுகொள்ளாமல் போவது சபைக்குக் கைவந்த கலை. சொல் நிறைவேறியது. கல் வெட்டி முடியும்வரை ஊருக்குத் தெரியட்டும் என்று வெள்ளையடித்த பலகை ஒன்றில் எழுதிச் சந்தையில் தொங்கவிட்டார்கள்: மோஸ்கியோன் தெய்வமாக்கப்படுகிறான்.

மோஸ்கியோனின் துன்பங்கள் அந்தப் பலகையிலிருந்து தொடங்கின.

மறுநாள் அவன் அடுப்படிக்குப் போனான். குளியல்கூட மேலாளர் பாம்பிலோஸ் வாசலிலேயே கைகளை விரித்து மறித்தார். கத்தி மிரட்டுகிற ஆசாமி, அன்று கெஞ்சினார். "டேய், உள்ள வராதடா... வராதீங்க. தெய்வம் ஆகிட்டிருக்கிறவரு கரியைத் தொட்டா என் வேலை போயிடும்."

"அப்ப அடுப்பை யாருங்க எரிக்கிறது?"

"அதான் எனக்கும் தெரியலை. சபையைக் கேட்டிருக்கேன். வினைச்சொல் முடிஞ்சதும் பாத்துக்கலாம்னாங்க."

கூலியும் நின்றது. தெய்வத்துக்குக் கூலி கொடுத்தால் அது தெய்வத்தை வேலைக்கு வைத்த குற்றம். ரொட்டிக் கடைக்குப் போனான். கடைக்காரர் அவனையும் பார்லி ரொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்ககிட்டக் காசு வாங்கினா பாவம். வாங்காம குடுத்தா நட்டம்," என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுக் கடையைச் சாத்தினார். அவன் போன பிறகு திறந்துகொண்டார்.

புதுத் தெய்வத்தின் பூசாரிப் பதவி ஏலத்துக்கு வந்தது. மெனெக்ளெஸே எடுத்தார். ஏல நிபந்தனைப்படி பலியிடும் ஆட்டின் தொடையும் நாக்கும் தோலும் பூசாரிக்கு. மீதிக் கறி சபையினருக்கு. தெய்வத்துக்குப் புகை.

முதல் பலி அன்று மோஸ்கியோனைத் தூய வெள்ளை உடுத்திப் பலிமேடைக்கு முன்னால் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. கொழுப்பு உருகித் தீயில் சொட்டியது. புகை அவன் முகத்துக்கே வந்தது. கண்ணில் நீர் வழிய இருமினான்.

"ஏத்துக்கிட்டார்," என்று மெனெக்ளெஸ் கூட்டத்துக்கு அறிவித்தார்.

"ஐயா, ஒரே ஒரு துண்டு," என்றான் மோஸ்கியோன் மெல்ல.

"தெய்வமே, நீங்க கறி தின்னா அப்புறம் மனுஷனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?" என்றார் மெனெக்ளெஸ், ஆட்டின் நாக்கை மெல்லிய துணியில் சுற்றியபடி.

வீட்டில் மிர்ட்டோ பருப்பு வேகவைத்திருந்தாள். அவன் கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் இரண்டு கிண்ணம் குடித்தான். "வாழ்க்கை பூரா அடுப்படியில நான் தின்னதே புகைதானடி. அதையே இப்ப உக்கார வச்சுத் தர்றாங்க," என்றான். அவள் சிரிக்கவில்லை. காலையில் பூசாரி அவளையும் பார்க்க வந்திருந்தார். தெய்வத்தோடு குடித்தனம் நடத்திய பெண்களின் கதி கதைகளில் நன்றாக இல்லை, சிலர் இடி விழுந்து எரிந்தார்கள், சிலர் பசுவாக மாறினார்கள், ஆகவே அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது என்று அன்போடு எச்சரித்திருந்தார்.

"நீ என்ன சொன்னே?"

"மாடாப் போனா வித்துடாதீங்க, பாலாவது கறந்துக்கலாம்னேன். அந்தாளு முறைச்சுக்கிட்டே போனாரு." கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு பயமா இருக்குய்யா. இவனுங்க உன்னை ஏதோ ஒண்ணாப் பண்ணிட்டுத்தான் விடுவானுங்க."

அவள் பயந்ததுபோலவே நடந்தது. லாகெஸ் என்றொரு சபை உறுப்பினர் இருந்தார். யார்மேலாவது வழக்குப் போடாவிட்டால் அவருக்கு உணவு செரிக்காது. அவர் சந்தைப் பலகையை நிதானமாகப் படித்துவிட்டு, மோஸ்கியோன்மேல் தெய்வநிந்தை வழக்குத் தொடர்ந்தார். தண்டனை மரணம்.

நீதிபதிகளும் அதே சபையினர்தான். லாகெஸ் பலகையைச் சுட்டிக்காட்டினார். "பெரியோரே, இந்த வினைச்சொல்லைப் பாருங்க. நம்ம மொழியில, நிகழ்காலத்துல, இந்த உருவத்துல, இதுக்கு ரெண்டு பொருள். 'தெய்வமாக்கப்படுகிறான்'னும் படிக்கலாம். 'தன்னைத்தானே தெய்வமாக்கிக்கொள்கிறான்'னும் படிக்கலாம். ஆசிரியரைக் கேளுங்க."

ஃபானியாஸ் எழுந்து ஆமாம் என்றார். "ரெண்டுக்கும் ஒரே உருவம்தான். எழுத்துகூட மாறாது. மொழியோட அழகே அதுதான்."

"ஒரு அடுப்பெரிக்கிறவன் தன்னைத்தானே தெய்வமாக்கிக்கொள்றான்," என்றார் லாகெஸ். "ஊர் நடுவுல, பலகை போட்டு."

சபையில் முணுமுணுப்பு எழுந்தது. அந்தப் பலகையைத் தொங்கவிட்டவர்களும் சேர்ந்து முணுமுணுத்தார்கள். யூதிடிகோஸ் கனிவோடு மோஸ்கியோன் பக்கம் திரும்பினார். "சொல்லுப்பா. நீயா ஆனியா, நாங்க ஆக்கினோமா?"

மோஸ்கியோன் கைகூப்பினான். "நான் ஆகவே இல்லைங்கய்யா. சத்தியமா நான் தெய்வம் இல்லை."

லாகெஸ் பாய்ந்து எழுந்தார். "கேட்டீங்களா? சபை தெய்வம்னு சொன்னதை இல்லைங்கிறான். தெய்வ மறுப்பு. ரெண்டாவது குற்றம்."

"அப்ப நான் தெய்வம்தானுங்க," என்றான் மோஸ்கியோன் அவசரமாக.

"முதல் குற்றத்தை ஒப்புக்கொண்டான்," என்றார் லாகெஸ், உட்கார்ந்தபடி.

நஞ்சு கொடுப்பதா, கடற்பாறையிலிருந்து தள்ளுவதா என்பதில் பேச்சு திரும்பியது. நஞ்சு பார்னஸ்ஸாவிலிருந்து வரவழைக்க வேண்டும், பாறை நம்மூரிலேயே இருக்கிறது என்று ஒருவர் சிக்கனத்தை நினைவூட்டினார்.  நீராவியில் இந்தக் குரல்கள் கெஞ்சியது மோஸ்கியோனுக்கு நினைவில் இருந்தது. இப்போது அதே குரல்கள் பாறையின் உயரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன.

பார்வையாளர் வரிசையிலிருந்து மிர்ட்டோ எழுந்தாள். கையில் மீன்வாடை, பக்கத்திலிருந்தவர்கள் விலகி வழி விட்டார்கள். பெண்கள் பேசக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். நிலநடுக்கத்தன்று சபையினர் ஓடிவந்து நின்றது அவள் கடைக்கு முன்னால்தான் என்பதை நினைத்துக்கொண்டோ என்னவோ, தலைவர் அவளைத் தடுக்கவில்லை.

"எனக்குப் படிப்பு கிடையாதுங்க," என்றாள் அவள். "இந்தப் பலகையில என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தரைப் படிச்சுக் காட்டச் சொன்னேன். மோஸ்கியோன் பேரு மட்டும்தான் இருக்குன்னாரு. எனக்கு ஒரே வருத்தமாப் போச்சு. இவ்வளவு பெரிய மனுஷங்க, நாள்கணக்கா உக்காந்து பேசி, எங்க வீட்டுக்காரரைத் தெய்வமா ஆக்கியிருக்கீங்க. உங்க பேரு எங்கயுமே வரலையே. நாளைக்கு யாரு இதைச் செஞ்சதுன்னு ஊருக்கு எப்படித் தெரியும்?"

 கடற்பாறை எல்லோர் மனத்திலிருந்தும் நழுவிப் போயிற்று.

யூதிடிகோஸ் பலகையை மீண்டும் படித்தார். பிறகு ஃபானியாஸைப் பார்த்தார். "எங்க பேரு எங்க?"

"'தெய்வமாக்கப்படுகிறான்'னு சொன்னா செய்யறவங்க பேரு வரணும்னு அவசியமில்லை. செய்யப்பட்டவன் இருந்தாப் போதும்."

"செய்யப்பட்டவனா முக்கியம்?" தலைவரின் குரல் உடைந்தது. "நாங்க இத்தனை பேரு இங்க எதுக்கு உக்காந்திருக்கோம்?"

அன்றே வாக்கியம் மாற்றப்பட்டது. முதலில் தலைவரின் பெயர், அவர் தந்தை பெயர், தாத்தா பெயர், வகித்த பதவிகள், சொந்தச் செலவில் கட்டிய குதிரை லாயம். பிறகு பூசாரி. பிறகு லாகெஸ், அவர் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, தன் தாய்வழிப் பாட்டனாரையும் சேர்க்கச் சொன்னார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். முடிவில் 'தெய்வமாக்கினார்கள்' என்ற சொல். செய்தவர்கள் யார் என்று தெளிவாகிவிட்டதால் மோஸ்கியோன் தன்னைத்தானே ஆக்கிக்கொண்டான் என்ற பேச்சுக்கு இடமில்லை. வழக்கும் அத்தோடு முடிந்தது.

கல் திறப்பு விழாவுக்கு ஊரே வந்திருந்தது. துணியை விலக்கினார்கள். நல்ல வெண்பளிங்கு. மேலிருந்து கீழ்வரை எழுத்து. யூதிடிகோஸ் உரக்கப் படித்தார். படித்துக்கொண்டே இருந்தார். தந்தையரும் பாட்டனாரும் லாயங்களும் கடந்து போயின. கடைசி வரியில், கல்லின் விளிம்பை ஒட்டி, நெருக்கியடித்துக்கொண்டு அந்த வினைச்சொல் நின்றது: தெய்வமாக்கினார்கள்.

கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "யாரை?"

தலைவர் கல்லின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். அங்கே மண்தான் இருந்தது. மோஸ்கியோனின் பெயருக்கு இடமில்லாமல் போயிருந்தது. இரண்டாவது கல்லுக்குப் பணமும் இல்லை, அது ஏற்கெனவே இலக்கணத்துக்குப் போய்விட்டிருந்தது.

ஃபானியாஸை இழுத்துவந்தார்கள். அவர் கல்லை நீண்ட நேரம் ருசித்தார். "இந்த வினைச்சொல்லுக்குச் செயப்படுபொருள் கட்டாயம் வேணும். இங்க எழுதலை. எழுதலைன்னா வாக்கியத்துல வேற யாரு பேரு இருக்கோ அங்கதான் தேடணும். இங்க இருக்கிறது உங்க பேருதான். அப்ப..." சற்று நிறுத்தினார். "ஒருத்தரை ஒருத்தர் தெய்வமாக்கிக்கிட்டீங்கன்னுதான் படிக்க முடியும்."

 யூதிடிகோஸ் மெல்லத் தன் மேலாடையைச் சரிசெய்துகொண்டார். மெனெக்ளெஸ் தாடியைத் தடவினார். லாகெஸ் மறுப்புச் சொல்வார் என்று எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தொலைவில், மலையுச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லுல வந்ததை மாத்துறது மரபில்லை," என்றார் யூதிடிகோஸ் அடக்கத்தோடு. "நாங்க ஏத்துக்கிறோம்."

அன்று மாலைவரை சபையினர் மகிழ்ச்சியாகவே இருந்தார்கள். மறுநாள்தான் சிக்கல் தெரிந்தது. தெய்வங்களுக்கு வாக்குரிமை கிடையாது. வாக்குரிமை இல்லாமல் சபை கூடாது. சபை கூடாமல் தீர்மானத்தை ரத்து செய்ய முடியாது. மக்கள் மன்றம் ரத்து செய்யலாம், ஆனால் அதைக் கூட்டும் அதிகாரம் சபைக்குத்தான். தெய்வத்தை மனிதனாக்கும் வினைச்சொல் ஒன்றை உடனே உருவாக்கித் தரும்படி ஃபானியாஸைக் கேட்டார்கள். அப்படி ஒரு சொல் மொழியில் இல்லை, இதுவரை யாருக்கும் தேவைப்பட்டதில்லை என்றார் அவர். உருவாக்கலாம்தான், அதற்குச் சபையின் ஒப்புதல் வேண்டும். சபை எங்கே என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மூட்டையைக் கட்டிக்கொண்டு பார்னஸ்ஸாவுக்குப் படகேறினார்.

மோஸ்கியோன் பெயர் எதிலும் இல்லை. சந்தைப் பலகையையும் யாரோ கழற்றி, கோழிக்கூண்டுக்குக் கதவாக்கிவிட்டார்கள். அவன் தயங்கித் தயங்கிக் குளியல்கூடத்துக்குப் போனான். பாம்பிலோஸ் அவனைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு நினைவு வந்தவராக ஒரு வசவு வைதார். அந்த வசவைக் கேட்டதும் மோஸ்கியோனுக்குக் கண் கலங்கியது.

"போ, போய் அடுப்பைப் பத்தவை. ஊரே நாறுது," என்றார் பாம்பிலோஸ்.

"ஐயா, இன்னொரு ஆளு..."

பாம்பிலோஸ் வழக்கம்போல "சபையைக் கேக்கணும்" என்று சொல்ல வாயெடுத்தார். வாய் திறந்தபடியே நின்றது. யோசித்தார். "யாரைடா கேக்கிறது? கேக்கிறதுக்குத்தான் ஆளே இல்லையே. சரி, வச்சுக்கோ."

துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த டோரியோன் வேலைக்கு வந்தான். தோள் அகன்றவன், அதிகம் பேசாதவன். ஒரே நாளில் கட்டை அடுக்கப் பழகிக்கொண்டான். சந்தையில் தண்ணீர்க்குழாயைச் சரிசெய்ய வேண்டியிருந்தபோதும் யாரையும் கேட்க வழியில்லாததால் மீன்காரிகளே ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டார்கள். மிர்ட்டோ இருட்டுவதற்குள் கணவன் வீட்டுக்கு வருவதைப் பார்த்து, இத்தனை சீக்கிரம் வந்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டாள்.  இருவரும் கடலோரம் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தார்கள்.

குளிர்காலம் மீண்டும் இறங்கியது. ஒருநாள் மழை சாய்த்து அடித்துக்கொண்டிருந்தது. டோரியோன் விறகுக்கட்டோடு அடுப்படிக்குள் வந்தான். வாசலில் நின்று, எதிரே கோயில் படிகளைத் திரும்பிப் பார்த்தான். அங்கே பெரியவர்கள் வரிசையாக, வெள்ளை உடுத்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தும்மினார்.

"யாருண்ணே அவங்கள்லாம்? காலையில இருந்து நனைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

மோஸ்கியோன் எட்டிப் பார்த்தான்.

"தெய்வங்க," என்றான். "யாராவது கும்பிட வருவாங்கன்னு இருக்காங்க. நீ கதவைச் சாத்து, கட்டை ஈரமாவுது."